தனியாக டைவ் செய்யச் சான்றிதழ்: காரைக்குடியிலிருந்து கேட்டவருக்கு

காரைக்குடியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். வயது 34, அந்தமானின் ஹேவ்லாக்கில் ஓபன் வாட்டர் என்ற ஸ்கூபா அடிப்படைப் படிப்பை முடித்து இதுவரை 12 டைவ். போகும்போதெல்லாம் முன்பின் தெரியாத ஒருவரை உங்களுக்கு ஜோடி சேர்த்துவிடுகிறார்கள். அவர் அரை மணி நேரத்தில் காற்றைத் தீர்த்துவிடுகிறார். உங்கள் சிலிண்டரில் பாதி மிச்சம் இருக்கும்போதே கேமராவைச் சுருட்டிக்கொண்டு மேலே வரவேண்டியதாகிறது. அதனால் தனியாக டைவ் செய்யச் சான்றிதழ் வாங்குவது எப்படி, எங்கே, அதுவரை ஊரில் ஊருணியிலோ கைவிட்ட கல்குவாரியிலோ தனியாகப் பழகலாமா என்று கேட்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: ஆத்தா வேண்டாம் என்கிறார்கள்.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. தனியாக டைவ் செய்ய வேண்டும் என்பது ஒன்று. மோசமான ஜோடியிடமிருந்து தப்பிக்க வேண்டும் என்பது இன்னொன்று. உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். உங்களுக்கு இப்போது வலிப்பது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு அடுத்த பயணத்திலேயே வழி செய்யலாம். முதலாவதுக்குச் சில ஆண்டுகள் ஆகும், ஆகவும் வேண்டும். நான் கோட்டையூர்க்காரன். மலேசியாவிலும் அந்தமானிலும் நெடுங்காலம் டைவ் பயிற்றுநராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன், சோலோ, அதாவது தனி டைவ், வகுப்புகளும் எடுத்திருக்கிறேன். மருத்துவன் அல்ல, உடம்பு சம்பந்தமாகக் கீழே சொல்வதை ஒரு பயிற்றுநர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் விவரம் சுருக்கமானது. இதற்காகப் பரவலாகத் தெரிந்த படிப்புகள் இரண்டு. எஸ்.டி.ஐ. நிறுவனத்தின் சோலோ டைவர் படிப்புக்கு வயது 21 ஆகியிருக்க வேண்டும், ஓபன் வாட்டருக்கு அடுத்த அட்வான்ஸ்டு நிலை முடித்திருக்க வேண்டும், செய்த டைவ்களைப் பதியும் லாக் புக்கில் 100 டைவ் காட்ட வேண்டும். பேடி நிறுவனம் வெகுகாலம் ஜோடி முறையைத் தவிர வேறெதையும் ஏற்காமல் இருந்துவிட்டு, 2011-இல் செல்ஃப் ரிலையன்ட் டைவர் என்ற படிப்பைக் கொண்டுவந்தது. அதற்கு வயது 18, மற்றபடி அதே அட்வான்ஸ்டு, அதே 100 டைவ். கடலில் மூன்று டைவ் செய்து காட்ட வேண்டும். எல்லா பயிற்றுநர்களும் இதை எடுக்க முடியாது, இதற்கென்று தனித் தகுதி வாங்கியவர்தான் எடுக்கலாம். நாட்கணக்கில் பார்த்தால் இரண்டு மூன்று நாள் வேலை. ஆனால் அந்த நாட்களில் யாரும் உங்களை டைவராக ஆக்கப்போவதில்லை. ஏற்கெனவே ஆகிவிட்டீர்களா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

உங்களிடம் 12 இருக்கிறது, இன்னும் 88 வேண்டும். ஆண்டுக்கு இரண்டு பயணம், ஒவ்வொன்றிலும் பத்துப் பதினோரு டைவ் என்று வைத்தால் நான்கு ஆண்டுகள். இதைக் கேட்டதும் சலிப்பு வரும், தெரியும். லாக் புக்கில் கொஞ்சம் 'கூட்டி' எழுதிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும்: கையை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள், கேமராவைப் பிடித்ததும் இரண்டு மீட்டர் மேலே ஏறிவிடுவார்கள், சிலிண்டரின் காற்றழுத்தம் காட்டும் கேஜைப் பார்க்க மறந்துவிடுவார்கள். 100 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. வெதுவெதுப்பான தெளிந்த நீரில், ஒரே பாறையை, வழிகாட்டி காலில் மாட்டிய ஃபின்னைப் பார்த்துக்கொண்டே சுற்றிய 100 டைவைவிட, நீரோட்டம், கலங்கல், இரவு, ஆழம் என்று கலந்து செய்த 60 மேல். இது என் கருத்து. நிறுவனங்கள் எண்ணைத்தான் கேட்கும்.

இனி, விஷயத்தின் மையம் காற்று. ஜோடி எதற்கு இருக்கிறார்? உங்கள் காற்று நின்றுபோனால் அவருடைய இரண்டாவது ரெகுலேட்டரை, அதாவது சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் வாய்க்கருவியை, வாயில் வைத்துக்கொண்டு மேலே வருவதற்கு. அவர் இல்லை என்றால் அந்தக் காற்றை நீங்களே சுமக்க வேண்டும். எவ்வளவு என்பதை யாரும் உத்தேசமாகச் சொல்லக்கூடாது, கணக்குப் போட வேண்டும். முதலில் நீங்கள் நிமிடத்துக்கு எவ்வளவு மூச்சுவிடுகிறீர்கள் என்று தெரிய வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் சமமாகப் பத்து நிமிடம் நீந்துங்கள், தொடக்கத்திலும் முடிவிலும் கேஜைப் பாருங்கள். 150-இலிருந்து 115-க்கு வந்திருந்தால் 35 பார் செலவு. வாடகைக்குக் கிடைக்கும் வழக்கமான அலுமினியம் 80 சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர். 35-ஐ 11.1-ஆல் பெருக்கினால் 388 லிட்டர், பத்து நிமிடத்துக்கு. நிமிடத்துக்கு 39 என்று வையுங்கள். 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல இரண்டு மடங்கு, அதனால் பாதியாக்கினால் மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 19 லிட்டர் சொச்சம். இந்த ஒரு எண் தெரியாத டைவர் தனியாக இறங்கக்கூடாது. பல ஆண்டுகள் டைவ் செய்கிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

அந்த 19 நீங்கள் நிதானமாக இருக்கும்போது. ரெகுலேட்டரிலிருந்து காற்று வராமல் போகிற நொடியில் யாரும் நிதானமாக மூச்சுவிட மாட்டார்கள். 30 என்று வையுங்கள். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு பார், ஆக நிமிடத்துக்கு 120 லிட்டர். என்ன நடந்தது என்று புரிந்து மாற்று ரெகுலேட்டரை வாயில் வைத்து நிலைப்பட ஒரு நிமிடம்: 120. நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆழம் வரை ஏற மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, அதற்கு ஏறக்குறைய 230. அங்கே பாதுகாப்புக்காக மூன்று நிமிடம் நிற்க 135. கடைசி 5 மீட்டரை மெதுவாகக் கடக்க 35. மொத்தம் 520 லிட்டர். இப்போது கடையில் விற்கும் 3 லிட்டர் போனியை, அதாவது கூடவே சுமக்கும் சிறிய மாற்றுச் சிலிண்டரை, பாருங்கள்: 200 பாரில் 600 லிட்டர். சரியாகப் போதும், பெரிய உபரி இல்லை. 2 லிட்டர் போனி என்றால் 400 லிட்டர், அது 20 மீட்டருக்குத்தான் கட்டும், அதுவும் இழுத்துப்பிடித்து. கைக்குள் அடங்கும் சின்னஞ்சிறு சிலிண்டர்கள் விற்கிறார்களே, 85 லிட்டர் கொள்வது போல, அதை 30 மீட்டரில் வாயில் வைத்தால் முக்கால் நிமிடம்கூட வராது. விளம்பரத்தில் ஐம்பது மூச்சு என்று போட்டிருந்தால் அது மேற்பரப்பு மூச்சு.

போனி சிலிண்டருக்கு வரும் கதி நம் ஊர் கார்களின் ஸ்டெப்னிக்கு வரும் கதிதான்: இருக்கிறது என்ற தைரியம் இருக்கும், அதில் காற்று இருக்கிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு டைவுக்கு முன்பும் அழுத்தம் பார்க்க வேண்டும், அதிலிருந்து இரண்டு மூச்சு இழுத்துப் பார்க்க வேண்டும். டைவுக்குள்ளேயும் ஒருமுறை மாறிப் பார்ப்பது நல்ல பழக்கம். இன்னொன்று, அதன் ரெகுலேட்டர் எங்கே தொங்குகிறது என்பது. வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு. மாஸ்க்கைக் கழற்றச் சொல்வோம், கண்ணை மூடிக்கொண்டு பிரதான ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு போனிக்கு மாற வேண்டும். ஒரு மாணவர், மிக நிதானமானவர், வங்கியில் வேலை பார்த்தவர். கண்ணை மூடினார், கையை மார்புக்குக் கொண்டுபோனார், எடுத்துக் கடித்தார், மூச்சுவிட்டார், கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துச் 'சரி' என்று காட்டினார். அவர் வாயில் இருந்தது பிரதான சிலிண்டரின் இரண்டாவது ரெகுலேட்டர், ஆக்டோபஸ் என்போமே, அது. இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே வடிவம், அரை சாண் இடைவெளியில் தொங்கிக்கொண்டிருந்தன. உண்மையிலேயே சிலிண்டர் காலியாகியிருந்தால் காலியான சிலிண்டரிலிருந்து காலியான சிலிண்டருக்கே மாறியிருப்பார். மறுநாள் போனி ரெகுலேட்டரை ரப்பர் வளையம் போட்டுக் கழுத்துக்கடியில் கொண்டுவந்தோம், வாய்ப்பிடியையும் தொட்டால் தெரிகிற மாதிரி வேறு வகையாக மாற்றினோம். அதற்குப் பிறகு தப்பவில்லை.

மற்ற சாமான்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் இரண்டு, ஒரு உபரி மாஸ்க், கீழிருந்தே ஊதி மேலே விடும் ஆரஞ்சு நிற மிதவையும் அதன் நூற்சுருளும், விசில், விளக்கு, திசைகாட்டி, அறுக்கும் கருவி இரண்டு. இரண்டு எதற்கு என்றால், எந்தக் கை வலையில் சிக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. இடது கைக்கு எட்டுகிற மாதிரி ஒன்று, வலதுக்கு ஒன்று. காலில் கட்டும் சினிமாக் கத்தி வேண்டாம். நைலான் இழையாலான தங்கூசி வலையை அறுக்கச் சின்ன வரிக்கத்தியும் கத்தரியும்தான் உதவும். தங்கூசி தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது, ஃபின் வாரில் மாட்டிய பிறகுதான் இழுப்பு தெரியும். அப்போது திரும்பித் திரும்பி உதறினால் சுற்றிக்கொள்ளும். நின்று, பின்னோக்கி ஒரு அடி போய், தளர்ந்ததும் அறுக்க வேண்டும். ஜோடி இருந்தால் இது பத்து நொடி வேலை. தனியாக முதுகுப்பக்கம் சிலிண்டர் வால்வில் மாட்டினால் சிலிண்டரைத் தாங்கும் பிசிடி உடுப்பைக் கழற்றி முன்னால் கொண்டுவந்து அறுத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும், ரெகுலேட்டர் வாயைவிட்டு வராமல். இதை நீச்சல் குளத்தில் பயிற்றுநரோடு செய்து பழகாமல் கடலில் முதல் தடவையாகச் செய்யக்கூடாது.

இனி, எது நிச்சயம், எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்கிறேன். நிச்சயமானது முதலில். நீருக்கடியில் நினைவு தப்பினால் தனியாக இருப்பவருக்கு வழி இல்லை. எத்தனை சிலிண்டர் சுமந்தாலும் இதற்கு மாற்று கிடையாது. டைவ் மரணங்களில் இதயம் காரணமாக வருபவை கணிசம், அதிலும் நடுவயதுக்கு மேல். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஒரு நிலை, நீரில் மூழ்கியிருப்பதாலேயே வருவது, ஆரோக்கியமாக இருப்பவருக்கும் வரலாம். மூச்சு முட்டும், இருமல் வரும், ரெகுலேட்டர் சரியில்லையோ என்று தோன்றும். அதற்குச் செய்ய வேண்டியது நீரைவிட்டு வெளியே வருவது ஒன்றுதான், படகில் ஏற்றிவிட ஒருவர் வேண்டும். ஆழம் 30 மீட்டரை நெருங்கும்போது போதை போன்ற நைட்ரஜன் மயக்கம் தலைகாட்டும். அதில் இருப்பவருக்கு அது தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். இதனால்தான் சோலோ டைவை 20 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வேன், விதிமுறை அதற்கு மேலேயும் அனுமதித்தாலும்.

சந்தேகமானது, தனி டைவ் ஜோடி டைவைவிட எவ்வளவு ஆபத்து என்பது. பலர் புள்ளிவிவரம் காட்டுவார்கள். இறந்தவர்களில் பெரும் பங்கு இறக்கும் நேரத்தில் தனியாக இருந்தார்கள் என்பது விபத்து ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது. ஆனால் அவர்களில் ஏராளமானோர் ஜோடியாக இறங்கிப் பிரிந்துபோனவர்கள், தனியாக இருக்கத் தயாராகி வந்தவர்கள் அல்ல. அப்புறம், உலகத்தில் ஆண்டுக்கு எத்தனை தனி டைவ் நடக்கிறது என்று எண்ணுவார் இல்லை. கீழ் எண் இல்லாத பின்னத்தை வைத்து விகிதம் பேச முடியாது. அதே காரணத்தால், 'மோசமான ஜோடிக்குத் தனியே மேல்' என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கும் ஆதாரம் கிடையாது. எனக்கு அந்தப் பேச்சில் கொஞ்சம் அனுதாபம் உண்டு, பத்து மீட்டர் தள்ளி மீன் பார்த்துக்கொண்டிருக்கிற ஜோடி ஜோடியே அல்ல. ஆனாலும் அது சோலோ சாமான்களைச் சுமக்கிறவர் பேச வேண்டிய பேச்சு. ஒரே சிலிண்டரோடு இறங்குகிறவர் பேசக்கூடாது.

தனி டைவ் என்றால் மேலேயும் யாரும் இல்லை என்று அர்த்தமில்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் குளிக்கிறவரின் கயிற்றைத் தோணியில் ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பார். அதை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள், தன் உடன்பிறந்தவள் தாலியை நினைத்தாவது விடமாட்டான் என்று நம் கடற்கரையில் சொல்வார்கள். கீழே போனவர் தனி, மேலே கயிறு தனியாக இல்லை. உங்களுக்கும் படகில் ஒருவர் வேண்டும்: எத்தனை மணிக்கு இறங்கினீர்கள், எந்தப் பக்கம் போவீர்கள், எத்தனை மணிக்குள் மிதவை மேலே வர வேண்டும், வராவிட்டால் என்ன செய்வது என்று எழுதிக் கையில் வைத்திருப்பவர். இதை ஆத்தாவிடமும் சொல்லலாம், கொஞ்சம் சமாதானம் ஆவார்கள்.

கார்டு வாங்கிவிட்டால் எந்தப் படகிலும் தனியாக இறக்கிவிடுவார்களா? மாட்டார்கள். இந்தக் கார்டுகளைத் தருவது தனியார் பயிற்சி நிறுவனங்கள். மதிப்பதும் மதிக்காததும் படகை நடத்துபவரின் விருப்பம். நம் நாட்டில் பெரும்பாலான மையங்கள் வழிகாட்டி இல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை, நீங்கள் நூறு டைவ் காட்டினாலும். நான் மையத்தில் இருந்தபோதும் முன்பின் பார்க்காதவரைக் கார்டை மட்டும் நம்பித் தனியாக விட்டதில்லை. இரண்டு நாள் கூட டைவ் செய்து பார்த்த பிறகு, நீரோட்டம் இல்லாத இடத்தில், நங்கூரக் கயிற்றைச் சுற்றியே இருக்கச் சொல்லி விட்டதுண்டு. ஆகவே பணம் கட்டுவதற்கு முன், எந்த இடத்தில் தனியாக டைவ் செய்ய நினைக்கிறீர்களோ அங்கே, 'சோலோ கார்டு இருந்தால் அனுமதிப்பீர்களா' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டைவ் காப்பீட்டிலும் இதையே பாருங்கள், தனி டைவுக்குப் பொருந்துமா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும்.

பக்கத்துக் கடலைப் பற்றி. தொண்டி நமக்கு ஒரு மணி நேரப் பயணம்தான், அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையே அங்கேதான் இருக்கிறது, அப்படியிருக்க ஏன் அந்தமான் வரை போக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், அடி சேறும் மணலும், காற்று திரும்பினால் கலங்கிவிடும். எங்கு பார்த்தாலும் வலை. வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரத்தில் 2022-இல் அறிவித்த கடற்பசுக் காப்பகம் 448 சதுர கிலோமீட்டர். தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. இவற்றுக்கெல்லாம் மேலே சர்வதேச எல்லைக்கோடு, ரோந்து. சங்கு குளிக்கும் சிலர் கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் கீழே இருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். நானும் முடியாதா என்று தோன்றலாம். அவர்களில் மூட்டுவலியும் கால் செயலிழப்பும் எத்தனை குடும்பத்தில் வந்திருக்கிறது என்று ஒருநாள் உட்கார்ந்து கேட்டால் அந்த ஆசை போய்விடும்.

ஊருணி. முதலில், செட்டிநாட்டில் குடிதண்ணீர் ஊருணி என்றால் காலை நனைத்தாலே பேச்சு விழும். அதில் ரப்பர் உடையும் சிலிண்டருமாக நீங்கள் இறங்கினால் டைவ் ஆபத்து இரண்டாவதாகிவிடும். மற்ற ஊருணிகளில் ஆழமே கிடையாது, கோடையில் கரண்டைக்கால் தண்ணீர். கிணறு கூடவே கூடாது: மோட்டார் குழாய், மின் வயர், பக்கச்சுவரில் ஏற வழியில்லாமை, பழைய கிணற்றில் விஷவாயு. கல்குவாரிதான் உண்மையில் ஆசை காட்டும், தண்ணீர் பச்சையாகத் தெளிந்து நிற்கும், ஆழமும் இருக்கும். ஆனால் செங்குத்தான பாறை, இறங்கிய இடத்தைத் தவிர ஏற வேறு இடம் இராது. அடியில் மாவு மாதிரி வண்டல், ஃபின் ஒருமுறை பட்டால் கண் தெரியாது. மூழ்கிக் கிடக்கும் கருவேல முள், இரும்புக் கயிறு. எடைக் கணக்கும் மாறும்: கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் அடர்த்தி கூட, ஆகவே உடம்பும் சாமானும் சேர்த்து 100 கிலோ என்றால் கடலில் போடும் ஈயத்தில் இரண்டரைக் கிலோவைக் குறைக்க வேண்டும். குறைக்காமல் இறங்கினால் கல்லாகக் கீழே போவீர்கள். 12 டைவ் செய்தவர் தனியாகக் குவாரியில் இறங்குவதை நான் வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை, உங்கள் நண்பர்கள் யாராவது போனாலும் தடுங்கள் என்கிறேன்.

ஊரில் செய்யக்கூடியது நீச்சல் குளத்தில். வாரம் இரண்டு நாள் நிற்காமல் நீந்துங்கள், மாஸ்க் இல்லாமல் முகத்தை நீருக்குள் வைத்து ஸ்நார்க்கலில் மூச்சுவிடப் பழகுங்கள், மிதவையை ஊதி நூற்சுருளை விடுவதைக் கரையில் உட்கார்ந்தே பத்துத் தடவை செய்து பாருங்கள். குளத்தில் தனியாக மூச்சை அடக்கிப் பயிற்சி மட்டும் செய்யாதீர்கள். மூச்சு முட்டுகிற உணர்வே வராமல் நினைவு தப்பும், இடுப்பளவு தண்ணீரிலேயே.

இனி உங்கள் நிஜமான வலிக்கு வருகிறேன். அடுத்த முறை பதிவு செய்யும்போதே மையத்துக்கு எழுதுங்கள்: 'நான் படம் எடுப்பவன், மெதுவாகப் போவேன், என்னைப் போன்ற ஒருவரோடு சேருங்கள்' என்று. பல இடங்களில் யாரும் கேட்பதில்லை என்பதால்தான் கண்ணை மூடிக்கொண்டு ஜோடி போடுகிறார்கள். அது நடக்காவிட்டால் கூடுதல் கட்டணம் கொடுத்துத் தனி வழிகாட்டியை எடுங்கள். அவர் உங்கள் பின்னால் நின்றுகொண்டிருப்பார், காற்று உங்களைவிட மிச்சம் வைத்திருப்பார், நீங்கள் ஒரே நத்தைக்குப் பத்து நிமிடம் கேமரா பிடித்தாலும் முகம் சுளிக்க மாட்டார். என்னைக் கேட்டால், தனியாக டைவ் செய்ய ஆசைப்படும் படக்காரர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது இதுதான். சோலோ சாமான்கள் வாங்கும் பணத்தில் இப்படி நிறைய டைவ் செய்யலாம். இன்னொரு வழி, காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் டைவ் செய்கிற இன்னொருவரைத் தேடிப்பிடித்து இருவரும் சேர்ந்தே போவது. ஐந்தாறு டைவுக்குப் பிறகு ஒருவர் கண் அசைவு இன்னொருவருக்குப் புரியும்.

அதற்கும் மேல் சோலோ வேண்டும் என்றால் வரிசை இது. இந்தப் பருவத்தில், டிசம்பர் முதல் ஏப்ரலுக்குள், அட்வான்ஸ்டு. அடுத்து மீட்புப் படிப்பான ரெஸ்க்யூ, சோலோவுக்கு அது கட்டாயம் இல்லை என்றாலும் அதைச் செய்யாதவரை நான் சோலோ வகுப்பில் சேர்த்ததில்லை, அடுத்தவரைக் காப்பாற்றப் பழகும்போதுதான் தன்னிடம் என்ன கெடும் என்று தெரிகிறது. நடுவில் திசைகாட்டிப் பயிற்சி, இரவு டைவ். சோலோ பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்கும்போது அவரே தனியாக டைவ் செய்கிறவரா, என்ன சிலிண்டர் எடுத்துப்போகிறார், வகுப்பில் எந்தெந்தப் பயிற்சி என்று கேளுங்கள். 'நாற்பது டைவ் போதும், ஒரே நாளில் முடித்துவிடலாம்' என்பவரிடம் போகாதீர்கள். அந்தமானில் தேடினால் ஆள் கிடைப்பார். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால் நமக்கு மலேசியாவும் தூரம் இல்லை. அங்கே உறவுக்காரர்கள் இல்லாத குடும்பமும் நம் பக்கம் குறைவு. எங்கே போனாலும் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரம் விடுங்கள்.

போனி சிலிண்டரை இப்போதே வாங்கட்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நம் பக்கத்தில் அதில் காற்று நிரப்ப இடமில்லை. டயர் கடை, தொழிற்சாலை கம்ப்ரசர் காற்றில் எண்ணெய்ப் புகையும் கார்பன் மோனாக்சைடும் வரும். மருத்துவமனைக்கு ஆக்சிஜன் கொடுக்கிறவரிடம் நிரப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்: சுத்த ஆக்சிஜன் 6 மீட்டருக்குக் கீழே வலிப்பை வரவழைக்கும். விமானத்தில் கொண்டுபோக வேண்டும் என்றாலும் சிலிண்டரைக் காலிசெய்து, வால்வைக் கழற்றி, விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். போகிற இடத்தில் வாடகைக்குக் கேளுங்கள். இப்போது கையில் காசு இருந்தால் முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் மாஸ்க், சொந்தமாக ஒரு டைவ் கம்ப்யூட்டர், ஒரு மிதவை, இந்த மூன்று. அடுத்த பயணத்தில் 10 மீட்டரில் அந்தப் பத்து நிமிடக் கணக்கை எடுத்து, கேஜில் வந்த எண்களோடு இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.